பிள்ளை பெற்ற பிறகு ஹோர்மோனும் மார்பும்: திருகோணமலைத் தாய்மார் கேட்கும் கேள்விகள்

உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை 26 வருடம் குடும்பநல உத்தியோகத்தராக வீடு வீடாகப் போனவள் நான். ஓய்வுபெற்ற பிறகும் சந்தையில், கோவில் வீதியில், பஸ்சுக்குள் "மிஸ், ஒரு விஷயம் கேக்க வேணும்" என்று கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். முன்பெல்லாம் பால் காணாது, பிள்ளை நித்திரை கொள்ளுதில்லை என்பவைதான் கேள்விகள். இந்த நாலைந்து வருடமாக எல்லோர் வாயிலும் ஒரே சொல்: ஹோர்மோன் குழம்பிப் போச்சு. அதற்கு மருந்து என்று, கர்ப்பத்தைத் தாங்கும் ஹோர்மோனான புரொஜெஸ்தரோன் சேர்ந்த கிறீம் ஒன்றையும் கைத்தொலைபேசியில் காட்டுகிறார்கள். ஹோர்மோனைப் பற்றி இவ்வளவு கேட்கும் பிள்ளைகள், மார்பில் தட்டுப்படும் கட்டியைப் பற்றி மட்டும் மாதக்கணக்கில் வாய் திறப்பதில்லை. அந்தக் கவலையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பிள்ளை பிறந்ததும் புரொஜெஸ்தரோன் விழுந்துவிடுகிறதாம். அது வருத்தமா மிஸ்?

இல்லை. விழத்தான் வேண்டும்.

கர்ப்பம் தங்கிய முதல் 8, 10 கிழமைக்கு இந்த ஹோர்மோனைச் சுரப்பது சூலகத்தில் உள்ள மஞ்சட்சடலம். பிறகு அந்த வேலையை நச்சுக்கொடி பொறுப்பெடுத்துவிடும். சாதாரண மாதவிடாய்ச் சுற்றொன்றின் பின்பாதியில் ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் 10 முதல் 20 நானோகிராம் வரை இருக்கும் புரொஜெஸ்தரோன், நிறைமாதத்தில் 100-ஐயும் தாண்டி நிற்கும். கருப்பையை இறுகவிடாமல் வைத்திருப்பதும், மார்பில் பாற்சுரப்பிகளை வளர்த்துவிடுவதும் அதுதான். அதே நேரம் பாலைப் பெருகவிடாமல் தடுத்து வைத்திருப்பதும் அதுதான். அடுப்பைக் கட்டி, பானையையும் ஏற்றி வைத்துவிட்டு, நெருப்பை மட்டும் மூட்டாமல் காத்திருப்பது போல.

நச்சுக்கொடி கழன்றதும் அந்தச் சுரப்பு அறுந்துபோகிறது. சில நாட்களுக்குள் அளவு அடிமட்டத்துக்கு வந்துவிடும். பாலைச் சுரக்கச் செய்யும் புரொலக்டின் ஏற்கெனவே உடம்பில் நிறைய இருப்பதால், தடை விலகியதும் 2ஆம் 3ஆம் நாளில் மார்பு கனத்துப் பால் இறங்குகிறது. உங்கள் புரொஜெஸ்தரோன் விழுந்தபடியால்தான் உங்கள் பிள்ளை வயிறு நிறையக் குடிக்கிறது.

நாலு நாளாகியும் பால் இறங்கவில்லை என்றால்?

அதுவரை வருகிற கடும்புப்பால் துளித்துளியாக வந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும், அந்தப் பிஞ்சு வயிறு அவ்வளவு சிறியது. சிசேரியன், நீரிழிவு, தலைப்பிள்ளை, பிரசவத்தில் அதிக இரத்தப்போக்கு, இவை பாலைக் கொஞ்சம் பிந்தவைக்கும். பிள்ளையை அடிக்கடி நெஞ்சோடு போட்டுக் குடிக்கவிடுங்கள். பிள்ளை எத்தனை தரம் சலம் போகிறது என்று எண்ணி உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். நாலாம் நாள் தாண்டினால் அவர் பிள்ளையின் நிறையையும் பார்ப்பார்.

ஒன்று மட்டும் கவனம். நச்சுக்கொடியின் துண்டு ஒன்று உள்ளே தங்கிவிட்டாலும் புரொஜெஸ்தரோன் முழுதாக இறங்காமல் பால் பிந்தலாம். பால் இறங்காததோடு இரத்தப்போக்கு குறையாமல் இருந்தால், நாற்றம் இருந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே வைத்தியசாலை. பிரசவத்தில் மிகப் பெரிய இரத்தப்போக்கு ஏற்பட்டு, அதன்பின் பாலும் வராமல், மாதக்கணக்கில் மாதவிடாயும் வராமல், எந்நேரமும் சோர்ந்து கிடக்கிற தாய்க்கு மூளையடியிலுள்ள கபச் சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கலாம். அரிதுதான். ஆனாலும் டொக்டரிடம் "எனக்கு அப்ப நிறைய இரத்தம் போனது" என்று நீங்களாகவே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பால் கொடுக்கும்போது இரத்தம் சோதித்து புரொஜெஸ்தரோன் பார்க்கலாமா? எனக்குக் குறைவு என்று வந்திருக்கிறது.

குறைவு என்றுதான் வரும். முழுநேரம் பாலூட்டுகிற பெண்ணுக்குச் சூல் முட்டை வெளியேறுவது நின்றிருக்கும். முட்டை வெளியேறாவிட்டால் மஞ்சட்சடலம் உருவாகாது. மஞ்சட்சடலம் இல்லாமல் புரொஜெஸ்தரோன் எங்கிருந்து வரும்? அந்தக் காசுக்கு நல்ல மீன் வாங்கிச் சாப்பிடலாம்.

முடி கொட்டுகிறது, உடம்பு இழுத்துப்போட்டது போல் இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் பார்க்க வேண்டிய சோதனைகள் வேறு. குருதிச்சோகைக்கு ஹீமோகுளோபின், தைரொயிட்டுக்கு டி.எஸ்.எச்., கர்ப்பத்தில் சீனி இருந்தவர் என்றால் சீனி. பிரசவத்துக்குப் பிந்திய முதல் வருடத்தில் தைரொயிட் சுரப்பி அழற்சி கண்டு, முதலில் கூடுதலாகவும் பிறகு குறைவாகவும் சுரப்பது நூற்றில் 5 பேர் அளவுக்காவது நடக்கிறது. அதைத்தான் பலர் "ஹோர்மோன் குழப்பம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிறீம் தடவிக்கொண்டிருக்கிறார்கள். அது கண்டுபிடிக்கக்கூடியது, மருந்தும் உள்ளது. 3ஆம், 4ஆம் மாதத்தில் கொத்தாக முடி கொட்டுவது மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். கர்ப்பத்தில் கொட்டாமல் நின்ற முடிதான் சேர்ந்து கொட்டுகிறது. பிள்ளைக்கு ஒரு வயது வருகிற அளவில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்போ அந்தக் கிறீம்?

வேண்டாம் தங்கச்சி.

சாம்பல்தீவில் ஒரு பிள்ளை, மூன்று மாதக் கைக்குழந்தை, கிறீமை நெஞ்சிலேயே தடவிக்கொண்டிருந்தாள். பால் குடிக்கிற வாய் படுகிற இடம். விற்றவர்கள் "இயற்கையானது" என்று சொன்னார்களாம். போத்தலில் எவ்வளவு ஹோர்மோன் என்று தெளிவாக எழுதியும் இருக்கவில்லை. தோலில் தடவும் புரொஜெஸ்தரோன் இரத்தத்தில் எவ்வளவு சேரும் என்பது ஆளுக்காள் மாறும். பாலூட்டும் பெண்ணின் மார்பை அது காக்கும் என்று நம்பத்தகுந்த ஆய்வு எதுவும் காட்டவில்லை.

புரொஜெஸ்தரோன் மருந்தாகத் தேவைப்படும் இடங்கள் உண்டு. கருப்பை வாய் குறுகிக் குறைமாதத்தில் பிள்ளை பிறக்கும் ஆபத்துள்ள சிலருக்கு, குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில், மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரஜன் என்ற மற்றப் பெண் ஹோர்மோனை எடுப்பவருக்குக் கருப்பையைக் காக்க. அவை எல்லாம் டொக்டர் அளவு பார்த்துக் கொடுப்பவை.

"ஈஸ்ட்ரஜன் ஆதிக்கம்" எனக்கு இருக்கிறதாம், அதனால்தான் எல்லாம் என்கிறார்கள்.

பாலூட்டும் நாட்களில் ஈஸ்ட்ரஜனும் குறைவாகத்தான் இருக்கும். இல்லாத ஒன்று எப்படி ஆதிக்கம் செய்யும்? அந்தக் குறைவால்தான் பெண்ணுறுப்பில் வறட்சி, சேரும்போது எரிவு, இரவில் வியர்வை. இதை யாரும் கேட்பதில்லை, நான் கேட்டால்தான் தலையைக் குனிந்துகொண்டு "ஓம் மிஸ்" என்பார்கள். புருஷன்மாருக்கும் இது தெரிய வேண்டும். அவள் விருப்பமில்லாமல் தள்ளிப்போகவில்லை, உடம்பு அப்படி இருக்கிறது. மருந்துக்கடையில் நீரில் கரையும் வழுக்குக் களிம்பு உண்டு. அதிலும் தீராவிட்டால் டொக்டர் குறைந்த அளவு ஈஸ்ட்ரஜன் களிம்பு எழுதித்தரலாம். பாலை நிறுத்தி மாதவிடாய் திரும்பியதும் தானாகவே மாறிவிடும்.

புரொஜெஸ்தரோன் மார்புப் புற்றுநோயைத் தடுக்கும் என்று வாசித்தேன்.

எதிர்ப்பக்கமாகவும் வாசிக்கலாம். மாதவிடாய்க்கு முந்திய கிழமையில் மார்பு கனத்து நோகிறதே, அப்போதுதான் புரொஜெஸ்தரோன் உச்சத்தில் நிற்கும், மார்புக் கலங்கள் கூடுதலாகப் பெருகுவதும் அப்போதுதான். மார்புப் புற்றுநோய்க் கட்டிகளில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரஜனையோ புரொஜெஸ்தரோனையோ பிடித்துக்கொள்ளும் வாங்கிகளை உடையவை. சூலகத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்புண்டு என்பது 1896 இலேயே தெரியும். ஜோர்ஜ் பீட்சன் என்ற ஸ்கொட்லாந்து சத்திரசிகிச்சை நிபுணர் சூலகங்களை அகற்றியபோது முற்றிய மார்புக் கட்டி சுருங்கியது.

2002 இல் அமெரிக்காவின் பெரிய பெண்கள் சுகாதார ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரஜனோடு செயற்கைப் புரொஜெஸ்தரோன் சேர்த்துக் கொடுத்த பகுதியை இடையிலேயே நிறுத்தினார்கள். காரணங்களில் ஒன்று மார்புப் புற்றுநோய் கூடியது. பிற்பாடு பிரான்சில் பெருந்தொகைப் பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், உடம்பில் உள்ளதைப் போன்ற புரொஜெஸ்தரோன் செயற்கை வகைகளைவிடக் குறைந்த ஆபத்தோடு காணப்பட்டது. கிறீம் விற்பவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அது 50 வயது தாண்டியவர்கள் டொக்டர் எழுதிக்கொடுத்து எடுத்த மருந்து பற்றிய செய்தி. 28 வயதில் பாலூட்டிக்கொண்டு இருக்கிற உங்களைப் பற்றிய செய்தி அதில் இல்லை.

டெப்போ ஊசி போட்டிருக்கிறேன். அதுவும் புரொஜெஸ்தரோன்தானே? பால் வற்றுமா, புற்றுநோய் வருமா?

அந்தக் கருத்தடை ஊசி செயற்கைப் புரொஜெஸ்தரோன், 3 மாதத்துக்கு ஒருமுறை. கையில் வைக்கும் குச்சியும் அப்படித்தான், ஜடெல் என்றால் 5 வருடம். பாலூட்டுபவர்களுக்கு ஊசியை பிரசவம் முடிந்து 6 கிழமைக்குப் பிறகு தொடங்குவது வழக்கம். அதன்பின் பால் வற்றுவதில்லை. மிதுரி என்ற கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரஜனும் சேர்ந்திருப்பதால் அது பாலைக் குறைக்கலாம், அதைப் பிள்ளைக்கு 6 மாதமாகும் வரை தள்ளிப்போடுகிறோம்.

புற்றுநோய் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஹோர்மோன் கருத்தடை எடுக்கும் காலத்தில் ஆபத்து சிறிதளவு கூடுகிறது, நிறுத்தியபின் மெல்ல இறங்குகிறது. இளவயதில் இந்த நோயே அரிது என்பதால், அந்தக் கூடுதல் ஆயிரக்கணக்கான பேரில் ஓரிருவர் என்ற அளவில்தான் நிற்கும். தாய்க்கோ சகோதரிக்கோ மார்புப் புற்றுநோய் இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். ஹோர்மோனே வேண்டாம் என்பவருக்குக் கருப்பைக்குள் வைக்கும் லூப் இருக்கிறது.

பிள்ளைக்கு 6 மாதம் ஆகவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும், மாதவிடாயும் திரும்பவில்லை. இந்த மூன்றும் பொருந்தினால் பாலூட்டலே 98 சதவீதம் கருத்தரிப்பைத் தடுக்கும். ஒன்று தவறினாலும் அந்த நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். "பால் குடுக்கிறன்தானே" என்று இருந்து, ஒரு வருடத்துக்குள் அடுத்த பிள்ளையோடு கிளினிக் வந்த எத்தனையோ பேரைப் பதிந்திருக்கிறேன்.

பால் கொடுத்தவளுக்கு மார்புப் புற்றுநோய் வராதாமே?

குறையும். வராது என்றில்லை.

2002 இல் 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு இது: மொத்தமாக ஒவ்வொரு 12 மாதம் பாலூட்டியதற்கும் ஆபத்து 4.3 சதவீதம் குறைகிறது, ஒவ்வொரு பிரசவத்துக்கும் 7 சதவீதம் குறைகிறது. இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு வருடம் கொடுத்த தாய்க்கு அது சின்ன விஷயமல்ல. நம் நாட்டில் 2016 கணக்கெடுப்பின்படி 6 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 சதவீதம் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்கள். உலகத்தில் பல நாடுகள் ஆசைப்படுகிற எண் அது. நம் தாய்மார் பெருமைப்படலாம்.

இனி, யாரும் சொல்லாத பாதி. அந்தப் பாதுகாப்பு நீண்ட காலத்தில் வருவது. பிரசவம் முடிந்த முதல் சில வருடங்களில் ஆபத்து தற்காலிகமாகக் கொஞ்சம் கூடி, ஏறத்தாழ 5ஆம் வருடத்தில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்குகிறது. முதல் பிள்ளையை 35க்குப் பிறகு பெற்றவர்களில் இது கூடுதலாகத் தெரிகிறது. ஒரு காரணமாகச் சொல்லப்படுவது, பால் நின்றபின் பாற்சுரப்பிகள் கரைந்து மார்பு பழைய நிலைக்குத் திரும்புகிற அந்தச் சில வாரங்கள். புண் ஆறுகிற இடத்தில் நடப்பது போன்ற அழற்சி அங்கே நடக்கிறது. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. "நான் இளம் தாய், பால் கொடுக்கிறேன், எனக்கு வராது" என்று ஒரு கட்டியைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது, அதற்காக.

பால் கொடுக்கும் மார்பில் கட்டி. பால்கட்டுத்தானே?

பத்தில் ஒன்பதுக்கு மேல் அப்படித்தான் இருக்கும். பால் தேங்கிய கட்டு, பால் நிறைந்த நீர்க்கட்டி, பாலூட்டும் காலத்தில் வளரும் தீங்கில்லாத கட்டி. பாலூட்டியதும் மென்மையாகி, ஓரிரு நாளில் கரைந்தால் பிரச்சினை இல்லை.

என் சின்னம்மாவுக்கு மூன்றாவது பிள்ளை 8 மாதம். இடது பக்கத்தில் நெல்லிக்காய் அளவில் ஒன்று. நோவில்லை. எல்லோரும் பால்கட்டு என்றார்கள். வெந்நீர் ஒத்தடம், பற்று, எண்ணெய் போட்டு உருவல் என்று 5 மாதம் போனது. யுத்த காலம், மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போவதென்றால் எத்தனை சோதனைச்சாவடி. ஒரு வைத்தியசாலையில் முதலில் காட்டியபோது தொட்டும் பார்க்காமல் "பால்தான் அம்மா" என்று அனுப்பினார்கள். மகரகமவில் சேர்த்தபோது கமக்கட்டிலும் கட்டி இருந்தது. அவர் போய் இப்போது 27 வருடம். நான் இந்த வேலைக்கு வந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

ஆகவே என் கணக்கு இரண்டு கிழமை. இரண்டு கிழமையில் கரையாத எந்தக் கட்டியையும், நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பால் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், டொக்டர் கையால் பார்த்து ஸ்கான் எழுத வேண்டும். "பால்தான்" என்று யார் சொன்னாலும் "ஸ்கான் எடுத்துப் பார்ப்பமா டொக்டர்?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. தோல் தோடம்பழத் தோல் போலக் குழி விழுந்தால், முலைக்காம்பு புதிதாக உள்ளே இழுபட்டால், கமக்கட்டில் கட்டி தட்டுப்பட்டால், ஒரு பக்கப் பாலை மட்டும் பிள்ளை திடீரென்று மறுக்க அங்கே கட்டியும் இருந்தால், இரண்டு கிழமையும் காத்திருக்க வேண்டாம்.

ஸ்கான் எடுத்தால் பாலுக்குக் கூடாதா?

ஸ்கான் வெறும் ஒலி அலை. மெமோகிராம் எடுத்தாலும் பாலில் எதுவும் சேராது. ஊசியால் சதைத்துண்டு எடுத்தாலும் பாலூட்டலைத் தொடரலாம். சோதனைக்குப் போகுமுன் பிள்ளைக்குக் கொடுத்து மார்பை இளக்கிக்கொண்டு போங்கள், படம் தெளிவாக வரும்.

நானே எப்படிப் பார்ப்பது?

மாதவிடாய் வருகிறவர் அது தொடங்கி 5 முதல் 7ஆம் நாளில், மார்பு இளகியிருக்கும்போது. மாதவிடாய் இல்லாமல் பாலூட்டுகிறவர் ஒரு திகதியைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிள்ளை பிறந்த திகதி என்றால் மறக்காது. பாலூட்டி முடித்ததும், குளிக்கும்போது சவர்க்காரக் கையோடு, மூன்று விரலின் உட்பக்கத்தால் சின்னச் சின்ன வட்டமாக, கமக்கட்டு வரை. பாலூட்டும் மார்பு எப்போதும் முடிச்சு முடிச்சாகத்தான் இருக்கும். உங்கள் மார்பின் வழமை உங்கள் கைக்குப் பழகிவிட்டால் புதிதாக வருவது தானாகத் தெரியும்.

மார்பு சிவந்து, நொந்து, குளிர்காய்ச்சல்.

பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள், அந்தப் பால் பிள்ளைக்குத் தீங்கில்லை. வழமை போலக் கொடுங்கள், அளவுக்கு மீறிப் பிழிந்தெடுக்க வேண்டாம். பெலத்து உருவுவதை நானும் பல வருடம் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அது வீக்கத்தைக் கூட்டும் என்று தெரியும், தயவுசெய்து நிறுத்துங்கள். குளிர் ஒத்தடமும் பரசிட்டமோலும் போதும். ஒரு நாளில் தணியாவிட்டால் அல்லது காய்ச்சல் கூடினால் டொக்டர் அன்டிபயோட்டிக் தருவார். மருந்து முழுவதும் முடிந்தும் சிவப்பு மாறவில்லை என்றால் திரும்பப் போக வேண்டும். சீழ்க்கட்டியாக இருக்கலாம். மிக அரிதாக, அழற்சி போலத் தோன்றும் புற்றுநோயும் உண்டு.

பாலை நிறுத்த மல்லிகைப்பூ கட்டலாமா?

ஆச்சிமார் சொல்வது பொய்யில்லை. 1988 இல் வெளியான ஓர் ஆய்வில், மார்பில் மல்லிகை கட்டியது புரோமோகிரிப்டின் மாத்திரை அளவுக்குப் பாலைக் குறைத்தது. அந்த மாத்திரை இரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடியது என்று இப்போது இதற்குப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. நல்ல வழி மெல்ல மெல்ல, சில நாளுக்கு ஒரு தடவை வீதம் குறைப்பது. சட்டென்று நிறுத்தினால் பால் கட்டும், மனமும் சோரும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குப் பால் நிறுத்துவது வேறு கதை. அவர் தனியாக இதைச் சமாளிக்கக் கூடாது, உத்தியோகத்தரை வீட்டுக்கு வரச்சொல்லிக் கேளுங்கள்.

சுறாப்புட்டு, வெந்தயம், முருங்கையிலை?

சாப்பிடுங்கள், பத்தியக்கறியும் நல்லதுதான். பாலைக் கூட்டுவது பிள்ளை உறிஞ்சுவது, சாப்பாடு உங்களுக்குத் தெம்பு. சுறா என்றால் சின்னப் பால்சுறா, பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர் வெந்தயத்தை அளவோடு.

பால் நிறுத்தி 4 மாதம், இன்னும் கசிகிறது.

இரண்டு பக்கமும், பிதுக்கினால் மட்டும், பால் நிறத்தில் என்றால் பல மாதம் இருக்கலாம். பிதுக்கிப் பிதுக்கிப் பார்ப்பதாலேயே நிற்காமல் இருக்கும். தானாகவே, ஒரு பக்கத்தில் ஒரே துவாரத்தால், தண்ணீர் போலவோ இரத்தமாகவோ வந்தால் காட்டுங்கள். பாலோடு மாதவிடாயும் வராமல், தலையிடி, பார்வை மங்கல் என்றால் புரொலக்டின் பார்க்க வேண்டும்.

சும்மா சும்மா அழுகை வருகிறது. ஹோர்மோன்தானே?

3ஆம் நாளிலிருந்து 10ஆம் நாள் வரை வருகிற அழுகைக்கு அந்த வீழ்ச்சியும் ஒரு காரணம். இரண்டு கிழமை தாண்டியும் தொடர்ந்தால், பிள்ளையைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தால், செத்துவிடலாம் போல் தோன்றினால், அது பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வு. பேய் பிடிக்கவில்லை, நூல் கட்டுவதோடு நிற்க வேண்டாம். பாலூட்டிக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு. 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். சாகத் தோன்றுகிற தாயை அந்த நேரம் தனியாக விடாதீர்கள், பக்கத்தில் ஒருவர் இருந்து வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள்.

எங்கே போய்க் காட்டுவது? ஆம்பிளை டொக்டர் என்றால் வெட்கம்.

முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடக்கும் வெல்வுமன் கிளினிக்கில் மார்பைக் கையால் பார்த்து, பிரஷரும் சீனியும் சோதிப்பார்கள். கருப்பை வாய்ச் சோதனைக்கு 35 வயதில் கட்டாயம் போக வேண்டும். எல்லாம் இலவசம். கட்டி என்று சந்தேகம் வந்தால் திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக். மேற்கொண்டு சிகிச்சை தேவை என்றால் மட்டக்களப்பு, தெல்லிப்பழை, மகரகம. இப்போது பாதைகள் திறந்திருக்கின்றன.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துச் சகோதரிகள் பலர் பெண் டொக்டர் இல்லையென்றே திரும்பிவிடுகிறார்கள். கிளினிக்குக்கு முதல் நாளே உத்தியோகத்தரிடம் சொல்லிவைத்தால் எந்த நாள் பெண் டொக்டர் இருப்பார் என்று பார்த்துச் சொல்வார். அப்படி இல்லாத நாளிலும் பரிசோதிக்கும்போது பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். கைக்குழந்தையை விட்டுவிட்டு வர ஆளில்லை என்றால் தூக்கிக்கொண்டே வாருங்கள், அங்கே யாராவது வைத்திருப்பார்கள். நானே எத்தனை பேருடைய பிள்ளைகளை வைத்திருந்திருக்கிறேன்.